ஸ்டார் வார்ஸ் நாவல்களில் எதைப் படமாக எடுத்திருக்க வேண்டும்?

ஸ்டார் வார்ஸ் படங்களை ஒட்டி எழுதப்பட்ட பழைய நாவல்களில் எது அடுத்த படமாகியிருக்க வேண்டும், இனிமேலாவது எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். த்ரான் முத்தொகுதியை விட்டால் வேறில்லை என்று பெரும்பாலான ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்களே, அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: த்ரான் முத்தொகுதி இந்த வரிசையின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இரண்டரை மணி நேரப் படமாக மாறும்போது அதிகம் இழக்கப்போவதும் அதுதான். என் தேர்வு ஆரன் ஆல்ஸ்டன் 1998இல் எழுதிய 'ரெய்த் ஸ்குவாட்ரன்'. ஏன் என்பதற்கு வருவதற்கு முன், இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

படத்தின் தொடர்ச்சியாக எடுக்கப்படக்கூடும் என்ற எண்ணத்துடனேயே எழுதப்பட்ட ஸ்டார் வார்ஸ் நாவல் ஒன்று உண்டு. 1978இல் வெளிவந்த 'ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' என்ற அந்த நாவலை எழுதிய ஆலன் டீன் ஃபாஸ்டர்தான், முதல் படத்தின் நாவல் வடிவத்தையும் ஜார்ஜ் லூகாஸின் பெயரில் எழுதியவர். முதல் படம் சுமாராக ஓடினால் குறைந்த செலவில் இரண்டாம் படத்தை எடுத்துவிடலாம் என்பதே திட்டம். ஆகவே கதை முழுவதும் மூடுபனி சூழ்ந்த மிம்பன் என்ற ஒரே கிரகத்தில் நடக்கிறது. பனிமூட்டம் இருந்தால் பின்னணி அரங்குகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஃபாஸ்டர் எழுதியிருந்த விண்வெளிச் சண்டை, செலவு கருதி நீக்கப்பட்டது. ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் அடுத்த படங்களுக்கு அப்போது ஒப்பந்தமாகியிருக்கவில்லை என்பதால் அந்தப் பாத்திரமே கதையில் கிடையாது. 1977இல் படம் பெற்ற வெற்றி இந்தச் சிக்கனத் திட்டத்தைத் தேவையற்றதாக்கிவிட்டது. 1983க்குப் பிறகோ அந்த நாவலை நேரடியாகப் படமாக்க முடியாத நிலையும் வந்துவிட்டது: அதில் படங்களின் நாயகன் லூக்குக்கும் நாயகி லேயாவுக்கும் இடையே ஓடும் மெல்லிய காதலை, இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்த பிறகு எந்தப் பார்வையாளராலும் நெளியாமல் பார்க்க முடியாது. அந்த நாவலில் லேயா லூக்கின் ஒளிவாளை ஏந்தி, படங்களின் வில்லன் டார்த் வேடருடன் மோதும் கட்டம் இன்றும் படிக்க நன்றாக இருக்கிறது. வேடர் தன் தந்தை என்பதை அறியாமலேயே மோதுகிறாள் என்ற எண்ணம் நமக்குத்தான் வரும், எழுதியவருக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த உதாரணத்தை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. படத்தை ஒட்டி எழுதப்படும் நாவல், எழுதப்படும் நாளில் படங்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கே கட்டப்பட்டது. படங்கள் நகர்ந்தால் அதன் அடித்தளம் நகர்ந்துவிடும். எந்த நாவலைப் படமாக்கலாம் என்று கேட்கும்போது அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டது என்பதோடு, பின்னால் வந்த படங்களையும் நடிகர்களின் வயதையும் தாண்டி அதன் கதை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரசிகர்களின் வாதங்களில் முதல் பாதி இருக்கும், இரண்டாம் பாதி பெரும்பாலும் இருக்காது.

இனி த்ரானுக்கு வருவோம். 1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' வந்த பிறகு புதிய படம் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அந்த வெறுமையில் 1991இல் டிமதி ஸான் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' வெளிவந்து, நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலின் முதலிடம் வரை ஏறியது. 1992இலும் 1993இலும் மற்ற இரண்டு பாகங்களும் வந்தன. பேரரசர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின் நடக்கும் கதை. வில்லனான கிராண்ட் அட்மிரல் த்ரானிடம் ஃபோர்ஸ் என்ற மாய சக்தியும் கிடையாது, கத்திக் கொல்லும் கோபமும் கிடையாது; நீலத் தோலும் சிவந்த கண்களும் கொண்ட அவர், எதிரி இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து அவர்கள் எதைக் கண்டு தடுமாறுவார்கள் என்று கணிப்பவர். ஒரு தலைமுறை வாசகர்களுக்கு ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பாகங்கள் இவைதான். 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபில்ம் நிறுவனம், அதுவரை வந்த நாவல்களையெல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று பெயரிட்டுத் தனியே ஒதுக்கி, புதிய படங்களை எடுப்பவர்களுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்று அறிவித்தபோது எழுந்த கோபத்தில் பெரும்பங்கு இந்த மூன்று புத்தகங்களுக்காக எழுந்ததுதான்.

அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் முதல் நாவலின் தொடக்கத்தையே எடுத்துப் பாருங்கள். கைமேரா என்ற போர்க்கப்பலின் இருண்ட அறையில், சுற்றிலும் கலைப்பொருள்களின் ஒளிப்பிம்பங்கள் மிதக்க, த்ரான் அமர்ந்திருக்கிறார். பேரரசை வீழ்த்தியவர்கள் அமைத்த புதிய குடியரசின் கப்பல்கள் எதிர்பாராமல் வந்து தாக்குகின்றன. எதிரி காட்டும் முதல் எதிர்வினையிலிருந்தே அவர்களின் தளபதி எலோமின் இனத்தவர் என்று கண்டுகொண்டு, ஒழுங்கற்ற தாக்குதலை அந்த இனத்தால் சமாளிக்க முடியாது என்பதால் அதற்கேற்ற வியூகத்தை வகுத்து வென்றுவிடுகிறார். பக்கத்தில் இது அற்புதமாக வேலை செய்கிறது, ஏனென்றால் நாம் த்ரானின் கீழ் பணிபுரியும் கேப்டன் பெல்லியானின் தலைக்குள் இருந்துகொண்டு அவருடைய குழப்பத்தையும் பிறகு வரும் வியப்பையும் அவரோடு சேர்ந்து அனுபவிக்கிறோம். திரையில் இந்தக் காட்சி, ஒருவர் காரணம் சொல்ல மற்றவர் தலையாட்டும் காட்சியாகிவிடும். த்ரான் அடுத்தடுத்து வெல்வதையும், ஒவ்வொரு வெற்றியும் எப்படி வந்தது என்பதையும் மூன்று நாவல்களின் நீளத்தில் பழகிய பிறகுதான் அவர்மீது அச்சம் உண்டாகிறது. படத்தில் அதற்கு நேரமில்லை. தொடரில் இருக்கிறது.

மற்ற இரண்டு தடைகள் இன்னும் வெளிப்படையானவை. முதலாவது வயது. ஹான், லேயா, லூக் மூவரும் நாற்பது வயதைத் தாண்டாமல் நிற்க, லேயாவின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் வளரும் கதை இது. 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வெளியான 2015இல் ஹாரிசன் ஃபோர்டுக்கு 73 வயது. வேறு நடிகர்களைப் போட்டு எடுத்திருக்கலாமே என்று வாதிடுபவர்கள், அந்த மூன்று முகங்களை மீண்டும் காட்டுவதுதான் அந்தப் படத்தின் வணிகமே என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, குளோன் போர்கள். அந்தப் போரைப் பற்றி முதல் படத்தில் வந்த ஓரிரு வரிகளுக்கு மேல் எதுவும் தெரியாத காலத்தில் எழுதியவர் ஸான். அவர் கற்பனையில் வேகமாக வளர்க்கப்பட்ட குளோன்கள் மனம் பிறழ்வார்கள். த்ரான் ஃபோர்ஸை விலக்கும் இசலமிரி என்ற பல்லி போன்ற உயிரிகளைப் பயன்படுத்தி அந்தச் சிக்கலைத் தாண்டி, சில வாரங்களிலேயே படை வீரர்களை வளர்த்தெடுக்கிறார். 2002இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' வேறு கதை சொன்னது: அங்கே குளோன்கள் குடியரசின் படையாக நிற்கிறார்கள், வளர்வதற்குப் பத்தாண்டுகள் ஆகின்றன. ஸானின் கதையின் நடுப்பகுதி அச்சாணியே இதனால் கழன்றுவிடுகிறது. மாற்றி எழுதலாம்தான், ஆனால் பிறகு படமாவது அந்த நாவலாக இருக்குமா?

நடந்ததும் அதுதான். கதையை விட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். த்ரான் 2016இல் 'ரெபெல்ஸ்' அனிமேஷன் தொடரில் நுழைந்தார். அங்கே குரல் கொடுத்த லார்ஸ் மிக்கெல்சனே 2023இல் 'அசோகா' தொடரில் நேரில் நடித்தார். அதே ஆண்டு 'தி மாண்டலோரியன்' மூன்றாம் பருவத்தில் பெல்லியான் எட்டிப் பார்த்தார். அதற்கும் வெகு முன்பே, தலைநகர்க் கிரகத்துக்கு ஸான் சூட்டிய கோரஸண்ட் என்ற பெயரை 1999இல் லூகாஸே தன் படத்தில் ஏற்றுக்கொண்டிருந்தார். ஃபாஸ்டரின் மிம்பன்கூட 2018இல் 'சோலோ' படத்தின் சேற்றுப் போர்க்களமாகத் திரும்பி வந்தது. இந்த நாவல்களின் பதிப்புரிமை லூகாஸ்ஃபில்மிடமே இருப்பதால், கதையை முழுதாகப் படமாக்கும் கட்டாயம் எதுவுமின்றிப் பெயரையோ பாத்திரத்தையோ கருவையோ தனித்தனியாகப் பிய்த்தெடுக்க அவர்களால் முடிகிறது. எனக்கு இதில் ஒரே வருத்தம் மாரா ஜேட். பேரரசரின் ரகசியக் கையாளாக இருந்தவள், லூக்கைக் கொல் என்ற அவருடைய கடைசிக் கட்டளை தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்க, ஃபோர்ஸ் வேலை செய்யாத மிர்க்கர் காட்டில் அதே லூக்கோடு உயிர் பிழைக்க நடக்க வேண்டியிருக்கிறது. முழு முத்தொகுதியிலும் அப்படியே படமாகக்கூடிய பகுதி என்று கேட்டால் அந்தக் காட்டு நடையைத்தான் காட்டுவேன். அவளை இதுவரை எந்தப் படத்திலும் தொடரிலும் அவர்கள் தொடவில்லை.

அடுத்த அணியினர் 'நியூ ஜெடை ஆர்டர்' வரிசையைச் சொல்வார்கள். 1999 முதல் 2003 வரை 19 நாவல்களாக வந்த இது, யூஸான் வாங் என்ற வேற்று விண்மண்டல இனத்தின் படையெடுப்பைப் பற்றியது. ஃபோர்ஸால் உணர முடியாத எதிரிகள், இயந்திரங்களை வெறுத்து உயிருள்ள கப்பல்களில் வருபவர்கள். முதல் நாவலிலேயே ஒரு சந்திரனைக் கிரகத்தின் மேல் இழுத்து விழவைத்து, ஹானின் நெடுநாள் கூட்டாளி சூபாக்காவைக் கொன்றுவிடுகிறார்கள். புதிய முத்தொகுதிப் படங்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடைத்திருக்க மாட்டான் என்பது உண்மைதான். ஆனால் இந்த வரிசையின் வலி அதன் நீளத்தில் இருக்கிறது. கிரகம் கிரகமாக இழந்து, அகதிகள் பெருகி, நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகும் சோர்வை இரண்டு மணி நேரத்தில் சுருக்கினால் எஞ்சுவது இன்னொரு படையெடுப்புப் படம் மட்டுமே. அதன் பின் வந்த 'லெகசி ஆஃப் தி ஃபோர்ஸ்' வரிசையில் ஹான், லேயா தம்பதியின் மகன் ஜேஸன் இருளின் பக்கம் சாய்ந்து, பின்னாளில் லூக்கை மணந்து அவனுக்கு அத்தையாகிவிட்ட மாரா ஜேடைக் கொன்று, கடைசியில் இரட்டைச் சகோதரி ஜெய்னாவின் கையால் சாகிறான். புதிய படங்களில் ஹான், லேயாவின் மகனாக வந்து இருளின் பக்கம் சாயும் கைலோ ரென்னைப் பார்த்துவிட்டவர்களுக்கு இனி இதில் புதுமை இருக்காது. பழைய பேரரசரைக் குளோன் உடலில் உயிர்ப்பிப்பதையும் 'டார்க் எம்பயர்' காமிக்ஸ் 1991இலேயே செய்துவிட்டது. 2019இல் படமும் அதைச் செய்தபோது, முப்பது ஆண்டுகளாகக் காமிக்ஸ் ரசிகர்களே அரைமனதாக ஏற்றிருந்த கருவை ஏன் பொறுக்கியெடுத்தார்கள் என்று பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும்தான்.

1996இன் 'ஷேடோஸ் ஆஃப் தி எம்பயர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாவல், காமிக்ஸ், வீடியோ கேம், பொம்மைகள், இசைத்தட்டு என்று படம் ஒன்றைத் தவிர எல்லாவற்றோடும் வெளியானது அது. இரண்டாம், மூன்றாம் படங்களுக்கு இடைப்பட்ட கதை என்பதால் அனிமேஷனாக எடுத்தால் மட்டுமே சரிப்படும்.

இவற்றையெல்லாம்விட, பழைய நடிகர்களை வைத்தே 2015இல் எடுத்திருக்கக்கூடிய கதை ஒன்று இருந்தது என்று நான் நினைக்கிறேன். விவாதங்களில் அதன் பெயர் அரிதாகவே அடிபடுகிறது. ஸானே 1997, 1998 ஆண்டுகளில் எழுதிய 'ஸ்பெக்டர் ஆஃப் தி பாஸ்ட்', 'விஷன் ஆஃப் தி ஃப்யூச்சர்' என்ற இரட்டை நாவல் அது. பேரரசு எட்டு மண்டலங்களாகச் சுருங்கிவிட்டது. தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு சமாதானம் பேச விரும்புகிறார் வயதான அட்மிரல் பெல்லியான். அதைத் தடுக்க நினைக்கும் ஆளுநர் டிஸ்ரா, ஃபிலிம் என்ற மோசடிக்காரனுக்கு நீல வேடம் போட்டு, த்ரான் உயிரோடு திரும்பிவிட்டார் என்று ஊரை நம்பவைக்கிறார். ஃபிலிமுக்குத் தோற்றமும் குரலும் வரும், போர்த்தந்திரம் வராது. அதை அருகிலிருந்து சொல்லிக்கொடுப்பவர் டியர்ஸ் என்ற படைவீரர். மறுபக்கம் புதிய குடியரசு, காமாஸ் என்ற கிரகம் பல ஆண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்டதில் போத்தன் இனத்தவர் சிலருக்குப் பங்குண்டு என்று காட்டும் ஆவணம் ஒன்றால் பிளவுபடுகிறது. அந்தச் சிலர் யார் என்ற பெயர்கள் ஆவணத்தில் சிதைந்துபோயிருப்பதால், ஒரு இனம் முழுவதையும் தண்டிக்கலாமா என்ற கேள்வியில் கூட்டாளிகளே ஒருவர்மேல் ஒருவர் பீரங்கியைத் திருப்புகிறார்கள். இந்தக் கதையின் நாயகர்கள் இளைஞர்களாக இருக்க வேண்டிய அவசியம் கிடையாது. வென்ற தரப்பு தன் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திணறுவதும், தோற்ற தரப்பில் ஒரு முதியவர் கௌரவமாகத் தோற்க வழி தேடுவதும் எழுபது வயது முகங்களில் இன்னும் நன்றாகவே பொருந்தியிருக்கும். 2015இல் வந்த படமோ முதல் படத்தின் சண்டையையே புதிய பெயர்களில் மறுபடி தொடங்கி வைத்தது. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் மறைந்துவிட்ட நிலையில் அந்த வாய்ப்பு இனி திரும்பாது.

ஆகவே இனி எடுக்கக்கூடியது எது என்ற கேள்விக்கு 'ரெய்த் ஸ்குவாட்ரன்' என்கிறேன். மைக்கேல் ஸ்டாக்போல் 1996இல் தொடங்கிய எக்ஸ்-விங் வரிசையில் ஐந்தாவதாக வந்த நாவல் இது. பழைய படங்களில் ஓரமாக வந்துபோகும் விமானி வெட்ஜ் அன்டில்லிஸ், வேறு படைப்பிரிவுகள் கழித்துக்கட்டிய விமானிகளை வைத்து, விமானிகளும் அதிரடிப் படையினருமாக இரட்டை வேலை செய்யும் ஒரு பிரிவை உருவாக்குகிறார். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவு தன்னை நிரூபிக்காவிட்டால், தான் இத்தனை நாள் தட்டிக்கழித்துவந்த ஜெனரல் பதவியை ஏற்றுக்கொள்வதாக அட்மிரல் அக்பரிடம் பந்தயம் கட்டுகிறார். படத்துக்குத் தேவையான கெடு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அந்தக் கழிவுப் பட்டாளத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். கெல் டெய்னர் என்ற வெடிமருந்து நிபுணனின் தந்தை, போருக்கு நடுவே அஞ்சி ஓடியதற்காகச் சொந்தத் தரப்பாலேயே சுட்டு வீழ்த்தப்பட்டவர். சுட்ட வெஸ் ஜான்ஸன் இப்போது அவனுக்கு மேலதிகாரி. மிகச் சிறு வயதில் பேரரசின் பிரசாரப் படங்களில் நட்சத்திரமாக இருந்த ஃபேஸ் லோரான் முகத்தில் பெரிய தழும்போடு திரிகிறான். டான் ஃபனான் ஒரு மருத்துவர். ஆனால் இந்த உலகத்தில் எல்லாக் காயத்தையும் ஆற்றும் பாக்டா மருந்து அவர் உடம்புக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது, ஆகவே ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் உடலின் ஒரு பகுதி இயந்திரமாகிறது, அதைக் கேலி பேசியே சமாளிக்கிறார். மின் டோனோஸ் தன் தலைமையில் சென்ற படைப்பிரிவு முழுவதையும் ஒரு பொறியில் பலிகொடுத்துவிட்டுத் தனியாகத் தப்பி வந்தவன். அவனோடு எஞ்சியிருந்தது ஒரு டிராய்டு மட்டுமே. அதுவும் அழியும்போது அவன் மொத்தமாக உறைந்துபோக, மற்ற விமானிகள் அவன் நிலையை வெட்ஜுக்குத் தெரியாமல் மறைத்து, மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறார்கள். ஒரு இயந்திரம் போனதற்காகத்தான் அழுகிறான் என்று முதலில் தோன்றும், யாருக்காக அழுகிறான் என்பது பிறகே விளங்கும். ஒரு நல்ல நடிகரின் முகமே போதும், விளக்க வசனம் தேவைப்படாத இடம் அது.

கதையின் இயந்திரமும் திரைக்குத் தோதானது. நைட் காலர் என்ற எதிரிக் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள். கைப்பற்றியதை வெளியே சொல்லாமல், அதன் மாலுமிகளாகவே நடித்துக்கொண்டு எதிரியின் வழித்தடத்தில் பயணத்தைத் தொடர்கிறார்கள். இறந்த கேப்டனாக எதிரித் தளபதியிடம் ஒளிப்பிம்பத்தில் பேச வேண்டியவன் அந்த முன்னாள் குழந்தை நட்சத்திரம். எப்போது பிடிபடுவார்கள் என்ற பதற்றமும், வேடத்தில் எழும் நகைச்சுவையும் ஒரே காட்சியில் கிடைக்கின்றன. ஃபோர்ஸைப் பயன்படுத்தும் ஜெடை வீரர்களும் ஒளிவாளும் லூக்கின் ஸ்கைவாக்கர் குடும்பமும் கதையின் மையத்தில் இல்லாமலேயே ஸ்டார் வார்ஸ் நிற்க முடியும் என்பதை 2016இல் 'ரோக் ஒன்' படமும் பின்னர் 'ஆண்டோர்' தொடரும் காட்டிவிட்டதால், அந்தப் பழைய அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. பேரரசு வீழ்ந்தபின் தனித்தனியே ஆட்டம் போடும் சிற்றரசன் ஒருவன்தான் வில்லன் என்பதால் புதிய காலவரிசையோடும் பெரிய முரண்பாடு வராது. வெட்ஜாக நடித்த டெனிஸ் லாசன் முதியவராகிவிட்டார். அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் புதிய முகம் தேவைப்படும், அதைப் பெரிதாக எதிர்க்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்வாதம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விமானிகளைப் பற்றிய படத்தை அவர்கள் முயலாமல் இல்லை: பாட்டி ஜென்கின்ஸ் இயக்கத்தில் 'ரோக் ஸ்குவாட்ரன்' 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் வெளியாவதாக இருந்து, 2022இல் வெளியீட்டு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. த்ரான் என்ற பெயருக்கு இருக்கும் விற்பனை ஈர்ப்பு ரெய்த் என்ற பெயருக்குக் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் பெயருக்காக ரசிகர் வருவதும், வந்தவர் நாவலோடு ஒப்பிட்டு ஏமாந்து போவதும் ஒரே காரணத்தால்தான் நிகழ்கின்றன. அதிகம் பேர் படிக்காத நாவலை எடுப்பவருக்கு வெட்டவும் மாற்றவும் கை தாராளமாக இருக்கும். ஆல்ஸ்டனின் ரெய்த் நாவல்களில் முதலாவதை மட்டும் எடுத்து, விமானிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, வில்லன் ஸின்ஜை ஒரு குரலாக மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆல்ஸ்டன் 2014 பிப்ரவரியில் காலமானார்; நாவல்கள் லெஜண்ட்ஸ் என்று ஒதுக்கப்பட்ட அறிவிப்பு வந்ததற்கு இரண்டு மாதம் முன்பு. நீங்கள் படிக்க விரும்பினால் ஸ்டாக்போலின் முதல் நான்கு நாவல்களை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவசியமில்லை, 'ரெய்த் ஸ்குவாட்ரன்' புதிய ஆள்களோடு புதிதாகவே தொடங்குகிறது.